புயல் வருமுன் ஆயிரம் முறை பழுது பார்த்தல்

மூன்று இடங்களில் பழுது; கையில் இருப்பது ஒரே ஒரு பணிக்குழு. முதல் இடத்தில், துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் முதன்மை லைனான ஃபீடரின் தலைப்பகுதியில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. அதைச் சரிசெய்ய 12 மணி நேரம் பிடிக்கும், சரிசெய்தால் 3000 இணைப்புகளுக்கு மின்சாரம் வரும். இரண்டாம் இடத்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது; 2 மணி நேர வேலை, 800 இணைப்புகள். மூன்றாம் இடத்தில் ஜம்பர், அதாவது இரண்டு கம்பிகளை இணைக்கும் சிறு துண்டுக் கம்பி, அறுந்து தொங்குகிறது. 1 மணி நேர வேலை, 500 இணைப்புகள். குழுவை முதலில் எங்கே அனுப்புவது?

மின் மீட்புத் திட்டமிடல் பற்றிப் பேச அழைக்கப்படும் இடங்களிலெல்லாம் நான் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அதிகம் பேர் இருட்டில் இருக்கும் இடத்துக்கே முதலில் போக வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை. அப்படிச் செய்தால் 3000 இணைப்புகள் 12 மணி நேரமும், 800 இணைப்புகள் 14 மணி நேரமும், 500 இணைப்புகள் 15 மணி நேரமும் காத்திருக்கும். பெருக்கிக் கூட்டினால் 54,700 இணைப்பு-மணி. இன்னொரு வழியும் உண்டு. ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை இணைப்புகள் மீள்கின்றன என்று வகுத்துப் பார்த்து, ஈவு பெரிதாக வரும் வேலையை முதலில் எடுப்பது அது. உற்பத்தி வேலைகளை வரிசைப்படுத்துவதற்காக 1956இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவிய விதி இது. அதன்படி ஜம்பர் முதலில், அறுந்த கம்பி அடுத்து, கம்பங்கள் கடைசியில் என்று போனால் மொத்தம் 47,900 இணைப்பு-மணியாகக் குறைகிறது.

இந்த இடத்தில் அவையில் ஒரு நிறைவு தெரியும். அதற்குப் பிறகுதான் நான் கம்பித்தொடரின் படத்தை வரைவேன். கம்பி அறுந்த அந்த 800 இணைப்புகளும், கம்பங்கள் சாய்ந்த பகுதிக்குக் கீழே, அதே ஃபீடரிலிருந்து பிரியும் கிளையில் இருக்கின்றன. அறுந்த கம்பியை எவ்வளவு விரைவாக இழுத்துக் கட்டினாலும், மேலே கம்பங்கள் நிற்காதவரை அங்கே ஒரு விளக்கும் எரியாது. ஆகவே ஸ்மித்தின் விதியை அப்படியே பின்பற்றிய வரிசையில் 800 இணைப்புகளும் 3 மணி நேரத்துக்குப் பதிலாக 15 மணி நேரம் காத்திருக்கின்றன. மொத்தம் 57,500 ஆகிவிடுகிறது. தேர்ந்த கணக்கு என்று நாம் நினைத்தது, யோசிக்காமல் சொன்ன முதல் விடையைவிட மோசமாகிவிட்டது. உண்மையில் சிறந்த வரிசை ஜம்பர், கம்பங்கள், அறுந்த கம்பி என்பதாகும், அதற்கு 51,500.

மூன்று பழுதுகளுக்கு ஆறு வரிசைகள்தான் உண்டு. தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். பத்துப் பழுதுகளுக்கு வரிசைகளின் எண்ணிக்கை 36,28,800. கடுமையான புயல் ஒன்றில் பழுதுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குழுக்கள் பல இருக்கும். சாலைகளில் மரங்கள் கிடக்கும். கிடங்கில் கம்பம் இருக்கும், அதை நிறுத்தக் கிரேன் இருக்காது. அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் தம் கோட்டத்தின் ஒவ்வொரு சுவிட்ச்சையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவராக இருந்தாலும், இத்தனையையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு, தூக்கமில்லாத இரண்டாம் இரவில், சரியான வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை, இருட்டில் காத்திருப்பவர்களுக்கும் நியாயமில்லை. புயல் வருவதற்கு முன்பே, வெயில் அடிக்கும் நாளில், கணினிக்குள் புயலை வரவழைத்து, கம்பங்களைச் சாய்த்து, அவற்றை மீண்டும் நட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணினிக்குள் வரும் புயல் முதலில் காற்றாக வருகிறது. எந்த இடத்தில், எந்த மணியில், எவ்வளவு வேகம் என்ற வரைபடம் வானிலைத் துறையின் பாதைக் கணிப்பிலிருந்து தயாராகிறது. காற்று ஒரு கம்பத்தின் மீது செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 100 கிலோமீட்டர் 140 ஆகும்போது விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. எனவே கணிப்பில் ஏற்படும் சிறிய பிழையும் சேதத்தின் அளவில் பெரிதாக வெளிப்படும். ஒவ்வொரு கம்பத்துக்கும் அதன் பொருள், வயது, உயரம், அருகிலுள்ள மரங்கள் ஆகியவற்றைப் பொறுத்து, இந்த வேகத்தில் முறிய இவ்வளவு வாய்ப்பு என்று ஒரு வளைகோடு இருக்கும். கணினி அந்த வாய்ப்பைக் கொண்டு பகடை உருட்டுவதுபோல் ஒவ்வொரு கம்பமும் நிற்கிறதா விழுகிறதா என்று முடிவு செய்கிறது. 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் வளர்த்தெடுத்த மான்டே கார்லோ முறைதான் இது. ஒரே புயலை ஆயிரம் முறை வீசச் செய்தால், ஆயிரம் வெவ்வேறு சேதப் பட்டியல்கள் கிடைக்கின்றன.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு கம்பமும் தனித்தனியே விழுகிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். ஆனால் இயற்கை அப்படி நடந்துகொள்வதில்லை. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கைத் தாக்கிய பனிமழையில் கம்பிகள் மீது உறைந்த பனியின் சுமையால் ஒரு கோபுரம் சாய, அது இழுத்த இழுப்பில் அடுத்தது சாய, எஃகுக் கோபுரங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. அதற்குப் பிறகு அங்கே, சரிவு தொடர்ந்து பரவாமல் தடுக்கும் வலுவான கோபுரங்களை இடையிடையே நிறுத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா சூறாவளி கரையேறியபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மின்சாரம் கொண்டுவந்த எட்டு உயரழுத்தத் தடங்களும் செயலிழந்தன. எட்டும் தனித்தனிப் பகடைகள் என்று கணக்கிட்ட கணினி மாதிரி ஒன்றில் அந்த நிகழ்வு ஏறக்குறைய நடக்கவே முடியாத ஒன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே காற்று, ஒரே காலத்தில் வடிவமைக்கப்பட்ட கட்டுமானம், ஒரே நில அமைப்பு என்று பொதுக் காரணங்கள் சேரும்போது பகடைகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடுகின்றன. அந்தப் பிணைப்பை மாதிரிக்குள் எழுதாதவர் தமக்கே பொய்யான ஆறுதலைத் தயாரித்துக்கொள்கிறார்.

சேதப் பட்டியல் கிடைத்த பிறகு, எந்த வீட்டில் மின்சாரம் இல்லை என்பதை மின்வலையின் வரைபடம் சொல்லிவிடும். பகிர்மான வலை பெரும்பாலும் மரத்தைப்போல் கிளைத்துச் செல்வதால், வேரிலிருந்து தொடர்பு அறுந்த எல்லாமே இருட்டு. எந்த இணைப்புச் சுவிட்ச்சை மூடினால் அண்டை ஃபீடரிலிருந்து மாற்று வழியில் மின்சாரம் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் அந்த ஃபீடரின் கம்பி அந்தச் சுமையைத் தாங்குமா, கடைக்கோடியில் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடுமா என்பதைப் பார்க்க ஓபன்டிஎஸ்எஸ், கிரிட்லேப்-டி போன்ற திறந்த மூல மென்பொருள்களே போதும். அவற்றைப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. புதிதாக வருபவர்கள் இங்கே பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. நீண்ட மின்தடைக்குப் பிறகு ஒரு ஃபீடரை மீண்டும் உயிர்ப்பிக்கும்போது அதன் சுமை பழைய சுமையாக இருப்பதில்லை. சாதாரண நாளில் ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டி ஓடும்போது அடுத்த வீட்டினுடையது ஓய்ந்திருக்கும். பல மணி நேரம் நின்றுபோன பிறகு எல்லா வீட்டிலும் எல்லாமே ஒரே நொடியில் ஓடத் தொடங்குகின்றன. வழக்கமான சுமையைப்போல் இரு மடங்குக்கு மேலும் எழக்கூடிய இந்த ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் ஃபீடர் முழுவதையும் ஒரே சுவிட்ச்சில் ஏற்றினால், அரும்பாடுபட்டுச் சீர்செய்த லைன் உடனே ட்ரிப் ஆகிவிடும். பகுதி பகுதியாக, இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும். அந்த இடைவெளியும் மாதிரியின் கடிகாரத்தில் இடம்பெற வேண்டும்.

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. அது பழுது பார்ப்பதையே உருவகப்படுத்துவது.

பழைய முறையில், முந்தைய புயல்களில் எத்தனை நாளில் எத்தனை சதவீத இணைப்புகள் மீண்டன என்ற வளைகோட்டை எடுத்துப் புதிய புயலுக்குப் பொருத்திப் பார்ப்பார்கள். அது எத்தனை நாள் என்பதை ஓரளவு சொல்லும். ஏன் என்பதையோ, என்ன செய்தால் குறையும் என்பதையோ சொல்லாது. அதற்கு மாற்றாக, ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனிப் பாத்திரமாக வைத்து, அவர்கள் ஆய்வு செய்வது, பயணிப்பது, பொருளுக்குக் காத்திருப்பது, வேலையை முடிப்பது என ஒவ்வொரு நிகழ்வையும் கடிகாரத்தோடு நகர்த்தும் முறை வந்தது. 1994ஆம் ஆண்டு நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின் அனுபவத்தை வைத்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகர மின்துறையின் மீட்பு நடைமுறையை இவ்வாறு மாதிரியாக்கி ரேச்சல் டேவிட்சனும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு நிலநடுக்கத்தைப் பற்றியதுதான் என்றாலும், புயலுக்கும் அப்படியே பொருந்துகிறது. பழுதுகளைச் சரிசெய்யும் வரிசையையும் வண்டிகள் செல்லும் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை, லாஸ் அலமோஸ் ஆய்வகத்தாரோடு சேர்ந்து கணினி அறிவியலாளர் பாஸ்கல் வான் ஹென்டன்ரிக் செய்த பணிகள் காட்டின.

நான் முதன்முதலில் எழுதிய மாதிரியில் குழு ஒன்று பழுதான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் விளக்கு எரியும். திரையில் ஓடும்போது பார்ப்பதற்கு நிறைவாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கம்பத்தில் ஏறிய மூத்த லைன்மேன் ஒருவரிடம் அதைக் காட்டி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நாங்க போய் இறங்கினதும் ஏறிடுவோம்னு போட்டிருக்கீங்க சார். லைன் கிளியர் யார் வாங்குறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் மாதிரியில் விடை இல்லை. கம்பியில் கை வைப்பதற்கு முன் அந்தப் பகுதியை இரு பக்கமும் துண்டிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து லைன் கிளியர் என்ற அனுமதியைப் பெற வேண்டும். மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். வீடுகளில் ஓடும் ஜெனரேட்டரோ கூரைமேல் உள்ள சூரியத் தகடோ முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், செத்த கம்பி என்று நினைத்ததில் தலைகீழாக மின்சாரம் வரும்; மின்மாற்றி அந்த வீட்டு மின்னழுத்தத்தை உயரழுத்தமாக்கி மேலே அனுப்பிவிடும். உலகெங்கும் மின்பணியாளர்கள் இறந்துபோகும் விதங்களில் இதுவும் ஒன்று. எனவே இந்தப் படிகள் சுருக்கக்கூடியவை அல்ல. ஒருபோதும் சுருக்கக் கூடாதவை. வேலை முடிந்த பிறகும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்து, எர்த் கழற்றி, அனுமதியைத் திருப்பிக் கொடுத்த பிறகே மின்சாரம் ஏறும்.

அவர் சொன்னதை மாதிரிக்குள் எழுதியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அனுமதி கொடுப்பவர் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர்தான். அவரால் ஒரு நேரத்தில் ஓர் அனுமதியைத்தான் கவனமாகக் கையாள முடியும். வெளியிலிருந்து குழுக்களை வரவழைத்து எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன்; மொத்த நாட்கள் பெரிதாகக் குறையவில்லை. கூடுதல் குழுக்கள் எல்லாம் கம்பத்தடியில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அனுமதிக்காகக் காத்திருந்தன. பயிற்சி பெற்ற இன்னொருவரைக் கட்டுப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஓட்டியபோது கிடைத்த பலன், பல குழுக்களைக் கூட்டியதால் கிடைத்த பலனைவிட அதிகம். சேதத்தின் பரப்பைப் பார்த்தவுடன் ஆட்களைக் கூட்டுங்கள் என்று சொல்வதுதான் எல்லோருக்கும் தோன்றும் தீர்வு. நானும் அதையே சொல்லியிருப்பேன். நெருக்கடி எங்கே முடிச்சிட்டுக்கொள்கிறது என்பதை இப்படி ஓட்டிப் பார்க்காமல் கண்டுபிடித்திருக்க முடியாது. லைன்மேனிடம் கேட்காமல் ஓட்டிப் பார்த்தும் பயன் இருந்திருக்காது.

இதே வகையில் ஆய்வுக்கு ஆகும் நேரமும் எளிதில் மறைந்துபோகிறது. மாதிரியில் எல்லாப் பழுதுகளும் முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். உண்மையில் முதல் நாளின் பெரும்பகுதி என்ன விழுந்திருக்கிறது என்று கண்டறிவதிலேயே கழியும். குழுவுக்குத் தெரியாத பழுது மாதிரிக்கும் தெரியக் கூடாது என்று மாற்றி எழுதிய பிறகு, வரிசை அடிக்கடி மாறத் தொடங்கியது: பாதி வழியில் குழுவைத் திருப்பி அனுப்புவதா, தொடங்கிய வேலையை முடிக்கவிடுவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. தொடங்கியதை முடிக்கவிடுவதே நல்லது என்பது என் கருத்து. திரையில் சில இணைப்பு-மணிகள் மிச்சமாகலாம். ஆனால் திரும்பத் திரும்ப இடம் மாற்றப்படும் குழுவின் சோர்வுக்கு நம்மிடம் எண் கிடையாது.

இணைப்புகளின் எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு குடிநீர் நீரேற்று நிலையம் கணக்கேட்டில் ஒரே இணைப்புதான்; அதன் பின்னால் ஓர் ஊரே நிற்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைக் கடுங்குளிர் தாக்கியபோது, மின்தேவையைக் குறைக்கச் சுழற்சி முறையில் துண்டிக்கப்பட்ட பகுதிகளில் இயற்கை எரிவாயுவை எடுத்து அனுப்பும் நிலையங்களும் இருந்தன; அவை இன்றியமையாத சுமைகளாகப் பதிவுசெய்யப்பட்டிருக்கவில்லை. மின்சாரம் நின்றதால் எரிவாயு குறைந்தது; எரிவாயு குறைந்ததால் மின் உற்பத்தி மேலும் குறைந்தது. மின்வலையை மட்டும் வரைந்துவைத்திருக்கும் மாதிரிக்கு இந்தச் சுழல் கண்ணிலேயே படாது. கைபேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் இப்படித்தான். அவை ஓய்ந்ததும் குழுக்களுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே பேச்சே நின்றுவிடும். மருத்துவமனை, நீரேற்று நிலையம், தொலைத்தொடர்பு, வீட்டில் மூச்சுக்கருவியோடு படுத்திருப்பவர் ஆகிய இவற்றுக்கு எவ்வளவு எடை தருவது என்பதைக் கணினி முடிவு செய்யாது. அதை மனிதர்கள் கூடிப் பேசி, புயலுக்கு முன்பே, எழுத்தில் முடிவு செய்து வைக்க வேண்டும். புயலுக்கு மறுநாள் அந்த எடைகளைத் தீர்மானிக்க உட்கார்ந்தால், குரல் உயர்த்தத் தெரிந்தவர்களின் தெருவுக்கே முதலில் வெளிச்சம் போகும்.

எப்போது மின்சாரம் வரும் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதிலும் இந்த ஆயிரம் ஓட்டங்கள் உதவுகின்றன. ஆயிரம் ஓட்டங்களில் ஒரு ஃபீடர் சராசரியாக 3 நாளில் மீண்டதென்றால், 3 நாள் என்று அறிவிக்கும் ஆசை எழும். ஓட்டங்களை நாள் வரிசையில் அடுக்கினால் நடுவில் வருவதும் அந்தச் சராசரிக்கு அருகில்தான் இருக்குமென்றால், ஏறக்குறைய பாதி வாய்ப்பில் அந்த வாக்கு பொய்த்துப்போகும். பத்தில் ஒன்பது ஓட்டங்களில் எந்த நாளுக்குள் மீண்டதோ அந்த நாளைச் சொல்வதையே நான் வலியுறுத்துவேன். ஒரு வாரம் என்று தெரிந்தால் ஒருவர் இன்சுலினைக் குளிர்ச்சியான வேறிடத்துக்கு மாற்றுவார், முதியவரை உறவினர் வீட்டுக்கு அனுப்புவார். நாளை வந்துவிடும் என்று ஏழு நாளும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எதையும் செய்ய மாட்டார். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு வெளிச்சம் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. அவ்வளவு நீளும் மின்தடையில் காலத்தைப் பற்றிய நேர்மையான தகவலும் ஒரு நிவாரணப் பொருளே.

புயல் எச்சரிக்கை வந்ததும், கரையைக் கடக்க இரண்டு நாட்கள் இருக்கும்போது, மாதிரியை ஆறு மணிக்கொரு முறை புதிய பாதைக் கணிப்போடு ஓட்டுகிறோம். அப்போது நான் பார்ப்பது எத்தனை கம்பங்கள் விழும் என்ற மொத்த எண்ணை அல்ல. அது கணிப்புக்குக் கணிப்பு பெரிதும் மாறும். எல்லா ஓட்டங்களிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்கிறேன். பாதை வடக்கே நகர்ந்தாலும் தெற்கே நகர்ந்தாலும் ஒரே கிடங்கில்தான் கம்பங்கள் தீர்ந்துபோகின்றன என்றால், அங்கே இன்றே கூடுதல் கம்பங்களை இறக்கிவிடலாம். ஒரே பாலத்தின் மறுபக்கம் பெரும்பாலான ஓட்டங்களில் துண்டிக்கப்படுகிறது என்றால், ஒரு குழுவையும் கிரேனையும் காற்று எழுவதற்கு முன்பே அந்தப் பக்கம், பாதுகாப்பான கட்டடத்தில் தங்கவைத்துவிடலாம். புயல் திசைமாறிப் போனால் அந்தக் கம்பங்களைத் திரும்ப ஏற்றிவரும் செலவோடு முடிந்துவிடும்.

புயல் ஓய்ந்து வேலைகள் நடக்கும்போது ஒவ்வொரு குழுவிடமும் நான்கு நேரங்களை மட்டும் குறித்துவைக்கச் சொல்கிறோம்: இடத்தை அடைந்தது, லைன் கிளியர் கிடைத்தது, வேலை முடிந்தது, மின்சாரம் ஏறியது. நனைந்த கைகளோடு படிவம் நிரப்புவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்ததால், இப்போது நான்கையும் கட்டுப்பாட்டு அறையின் அழைப்புப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறோம். கடைசியாகக் கிடைத்த பதிவுகளில் முதல் இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்ட காத்திருப்பு, நான் மாதிரியில் எழுதியிருந்ததைவிட இரவில் நீளமாகவும் பகலில் குறைவாகவும் இருந்தது. இரவுக்கும் பகலுக்கும் தனித்தனி அளவு வைத்து அந்தப் பகுதியைத் திருத்தி எழுதும் வேலை இந்த வாரம் நடந்துகொண்டிருக்கிறது. எழுதி முடித்ததும் அதே மூத்த லைன்மேனிடம் மீண்டும் காட்டப்போகிறேன்.